இறங்கித் தள்ள முடியாது

(டிசம்பர் முதல் வாரத்தில் மதுரையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். டிசம்பர் 6 அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். நடுவில் மூன்றே நாள்தான். ஆனாலும் நம்மூரில் முதல் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேறு, இரண்டாவது கூட்டத்துக்குப் போகிறவர்கள் வேறு. நான் இரண்டுக்கும் போகிறேன். முதல் கூட்டத்தில் சாதி என்று வாயைத் திறந்தால், "இங்க எதுக்குத் தம்பி அதெல்லாம்" என்பார்கள். இரண்டாவது கூட்டம் பெரும்பாலும் மாடியில் நடக்கும். அங்கே நான் பேச ஆரம்பிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று தலைப்பு போட்டிருந்தீர்கள். கோபிக்காதீர்கள், நான்தான் மாற்றச் சொன்னேன். ஒரு காலை இழந்தவன் மறுபடியும் பைக் ஓட்டினால் அதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும்தான் நமக்குச் சொல்லத் தெரிகிறது. அந்தக் கதையில் சாலை இல்லை, தெரு இல்லை, சட்டம் இல்லை, சாதி இல்லை. ஒரு ஆள், அவன் மனசு, அவ்வளவுதான். நான் அந்தக் கதையைச் சொல்ல வரவில்லை.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே. மெயின்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் ஊர்த் தெரு. அதைக் கடந்துதான் எங்கள் காலனி. வேறு பாதை கிடையாது. என் அப்பா விவசாயக் கூலி. அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். ஊர்த் தெரு முக்கில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து, காலனி ஆரம்பிக்கிற வேப்பமரத்தடியில் மறுபடி ஏறுவார். செருப்பும் அப்படித்தான், கையில். அந்தத் தெரு மொத்தம் இருநூறு அடிகூட இருக்காது. "இருநூறு அடிதானப்பா, இறங்கித் தள்ளுனா என்ன குறைஞ்சிரும்" என்று அவரிடமே ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குறையாது என்றால் அவர்கள் இறங்க வேண்டியதுதானே என்று நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

2017இல் எனக்கு உதவித்தொகை வர ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் பழைய ஸ்பிளெண்டர் ஒன்று வாங்கினேன். அந்தத் தெருவில் நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும். டீக்கடை பெஞ்சு வரும்போது வேகத்தைக் குறைப்பேன், ஹாரன் அடிக்க மாட்டேன். என் உடம்பு பாதி இறங்கியபடிதான் போகும்.

2021 ஆகஸ்டில் விபத்து. தேனி ரோட்டில், தவறான பக்கம் வந்த லோடு வேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. நான்காம் நாள் எடுத்துவிட்டார்கள். அந்த வலியைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. பார்க்க வந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். "போன பிறவியில என்ன பாவம் செஞ்சானோ." சொன்னவர் சொந்தக்காரர், எங்கள் காலனிக்காரர்தான். கட்டிலில் படுத்தபடி யோசித்தேன். இதே வாக்கியத்தைத்தானே நம் தாத்தன் பூட்டனிடம் சொன்னார்கள்? நீ இந்தச் சாதியில் பிறந்தது போன பிறவிப் பாவம் என்றார்கள். இன்ன பாவம் செய்தவன் மறுபிறவியில் இன்ன ஊனத்தோடு பிறப்பான் என்று மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம் பட்டியலே போடுகிறது. குருடு, செவிடு, ஊமை என்று வரிசையாக. பிறப்பால் தாழ்ந்தவன் என்பதற்கும் உடம்பால் குறைந்தவன் என்பதற்கும் அந்தப் புத்தகம் ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. முதல் கணக்கை எதிர்க்கும் நாம் இரண்டாவது கணக்கை வீட்டுக்குள் வைத்திருக்கிறோம்.

அடுத்து இழப்பீட்டு வழக்கு. ஒரு காலுக்கு என்ன விலை என்று தீர்ப்பாயம் கணக்குப் போட வேண்டும். அதில் முக்கியமான அளவுகோல் வருமானம். வயலில் நாற்று நடுபவரின் கால் என்றால் கூலி குறைவு, எனவே கணக்கும் குறைவு. என் வழக்கில் எதிர்த்தரப்பு வேறு மாதிரி வாதம் வைத்தது: மனுதாரர் ஆராய்ச்சி மாணவர், உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறவர், கால் இல்லாததால் சம்பாத்தியத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கூலிக்காரர் என்றால் கால் மலிவு. படித்தவர் என்றால் காலே தேவையில்லை! ஒருவர் என்ன வேலை செய்கிறார், அந்த ஊனம் அந்த வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்துத்தான் வருமான இழப்பை முடிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என் ஆய்வு பொதுச்சாலைகளில் தலித்துகள் நடக்கும் உரிமையின் வரலாறு. ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் பஸ் வருகிற ஊர்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும். பைக் என் தொழில் கருவி. இதை என் வழக்கறிஞருக்கே இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது.

2022 நடுவில் செயற்கைக்கால் கிடைத்தது. ஜெய்ப்பூர் கால் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் மருத்துவர் பி.கே.சேத்தியும், ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. சர்மா பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். அதுவரை இருந்த வெளிநாட்டுப் பாதம் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கானது. ரப்பரில் செய்த இந்தப் பாதத்தோடு வெறுங்காலில் நடக்கலாம், சம்மணம் போடலாம், குத்தவைக்கலாம், வயலில் இறங்கலாம். யாருடைய உடம்பு எப்படி வாழ்கிறது என்று பார்த்துச் செய்த பொருள் அது. மருத்துவரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்த அளவு கைவினைஞரின் பெயர் தெரியாது. அதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கால் வந்ததும் வண்டி ஓட்டப் போகிறேன் என்றேன். வீட்டில் பெரிய சண்டை. "ஒரு காலு போனது பத்தாதா? இனிமே வண்டியத் தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றார் அம்மா. போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். "ஒங்களுக்குத்தான் பக்கத்துல சக்கரம் வச்ச ஸ்கூட்டர் அரசாங்கமே தருதே, அப்புறம் எதுக்கு பைக்?" என்றார் அங்கிருந்தவர்.

இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் மாற்றுத்திறனாளிகள் கேட்டுப் போராடி வாங்கிய உரிமை. அந்த ஸ்கூட்டரால் வேலைக்குப் போகிற, கடை நடத்துகிற நூறு பேரை எனக்குத் தெரியும். தேவைப்பட்டால் நாளைக்கு நானும் அதில்தான் போவேன். அந்த மனிதரின் கேள்வியில் இருந்தது வேறு. உனக்கு எது போதும் என்பதை நாங்கள் முடிவுசெய்துவிட்டோம் என்கிற தொனி. இருநூறு அடிதானே, இறங்கித் தள்ளினால் என்ன என்று கேட்ட அதே தொனி.

சட்டத்தின் வார்த்தையையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் வண்டிக்கு வைத்திருந்த பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. செல்லாத நோட்டு என்போமே, அதே எழுத்துகள்தான் அந்த ஆங்கிலச் சொல்லிலும். அதுவும், அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வண்டியாக இருக்க வேண்டும், இருக்கிற வண்டியை மாற்றியமைத்தால் போதாது என்றது பழைய சட்டம். 2019 திருத்தத்தில்தான் அந்தப் பெயர் போனது. இப்போது 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்கிற பொருளில் வேறு சொல் வந்திருக்கிறது. அனுமதியோடு மாற்றியமைத்த வண்டியும் அதில் சேரும். மாற்றத்தை ஆர்.சி.யில் பதிய வேண்டும், உரிமத்தில் அந்த வகையைச் சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யாமல் ஓட்டாதீர்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர்கள் அதை வைத்தே கையை விரிப்பார்கள்.

என் காலைப் பார்த்து உருப்படியான கேள்வி கேட்ட முதல் ஆள் மெக்கானிக் பாய். மெயின்ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். உச்சுக்கொட்டவில்லை. "எந்தக் காலு? இடதா? அப்ப பிரேக்கு தப்பிச்சுச்சு. கியரு மட்டுந்தானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடமாக என் கால் சோகமாக இருந்தது, பாவமாக இருந்தது, சதவீதமாக இருந்தது. அவருக்கு அது ஒரு வேலை. உட்கார்ந்து பார்த்தார்.

நம் பைக்குகளில் இடது காலில் கியர், வலது காலில் பின் பிரேக். செயற்கைக்காலில் கணுக்கால் அசையாது. விரலைக் கியருக்கு அடியில் விட்டு மேலே தூக்க முடியாது. ஆனால் என் வண்டியில் முன்னாலும் பின்னாலும் மிதிக்கிற கியர். முன்னால் மிதித்தால் ஏறும், பின்னால் குதிகாலால் மிதித்தால் இறங்கும். தூக்கவே வேண்டாம், தொடையிலிருந்து அழுத்தினால் போதும். பிரச்சினை என்னவென்றால், பாதம் கியர்மேல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தொடு உணர்ச்சி கிடையாதே. குனிந்து பார்த்தால் எதிரில் வருவது தெரியாது. பாய் இரண்டு முனையிலும் அகலமான தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அதிர்வில் பாதம் நழுவாமல் இருக்கக் கால்மிதியின் ஓரத்தில் சின்னதாக ஒரு தடுப்பு. சைடு ஸ்டாண்டும் இடது பக்கம்தானே, பாதத்தில் மாட்டித் தள்ள வசதியாக அதில் ஒரு நீளக் கம்பி. அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து ஒரு மதியப் பொழுது.

ஓட்டப் பழகத்தான் மூன்று மாதம் ஆனது. வண்டி நின்றால் நாம் எல்லோரும் தன்னை அறியாமல் இடது காலை ஊன்றுவோம். நான் வலது காலை ஊன்ற வேண்டும். அதை ஊன்றினால் பின் பிரேக் போய்விடும், எனவே முன் பிரேக்கைக் கையில் பிடித்திருக்க வேண்டும். மேட்டில் நின்று கிளம்பும்போது அதே வலது கைதான் பிரேக்கையும் விட வேண்டும், ஆக்சிலேட்டரையும் திருக வேண்டும். அதோடு நம் சாலைகள் இடது ஓரமாகச் சரிந்திருக்கும். வண்டி தானாகவே உணர்ச்சி இல்லாத பக்கம் சாயும். இல்லாத கால் வேறு சும்மா இருக்காது. இல்லாத பெருவிரல் கியரைத் தேடும். கியர் விழுந்ததா என்பதை என்ஜின் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள என் காதுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் பழகினேன். இரண்டாம் நாள் விழுந்தேன். அடி இல்லை, ஆனால் வண்டிக்கு அடியில் செயற்கைக்கால் மாட்டிக்கொண்டது. கழற்றி விட்டுவிட்டு வெளியே வந்தேன். கரையில் அம்மா நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இறங்கி வந்து வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார். "விழாம யாரு பழகுனா" என்றார்.

அம்மா பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அம்மாவும் ஒருவர். தெருவே சிரித்ததாம். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. புருஷனே இறங்கித் தள்ளுகிற தெருவில் அம்மா எங்கே ஓட்டுவது? இந்தக் கதையை அன்றைக்குத்தான் சொன்னார். முப்பது வருடமாக அதை நான் கேட்கவும் இல்லை. தெருவின் சாதி ஆம்பளைக்கு ஒரு மாதிரியும் பொம்பளைக்கு வேறு மாதிரியும் வேலை செய்திருக்கிறது. சாலை உரிமை பற்றி ஆய்வு செய்கிறவன் அதைத் தன் வீட்டிலேயே பார்க்கவில்லை.

அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நினைவுக்குறிப்பு உங்களில் பலர் படித்திருப்பீர்கள். சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போகும்போது, மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டினார்கள், வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். அடுத்தது 1929. அவர் வெளிநாட்டில் படித்து வந்த பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்கான் ஸ்டேஷனில் இறங்குகிறார். குதிரைவண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார்கள். விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைத்த அந்த ஊர் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. பல நாள் நடக்க முடியவில்லை.

கால் போன பிறகு இதைத் திரும்பப் படித்தேன். முன்பு படித்தபோது வண்டிக்காரர்களின் சாதித் திமிர் மட்டுமே கண்ணில் பட்டது. இந்த முறை ஓட்டியவரைப் பற்றி யோசித்தேன். அவர்மேல் என்ன தப்பு? மரியாதையைக் காப்பாற்ற நினைத்தார். ஓட்டப் பழகியிருக்கவில்லை. மரியாதைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டிய நிலைமையைத்தான் சாதி நமக்குக் கொடுக்கிறது. மரியாதையா, பாதுகாப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இரண்டும் வேண்டும் என்று சொல்லத்தான் நாம் படிக்கிறோம். அதனால்தான் அந்த மூன்று மாதப் பழக்கம், ஹெல்மெட், ஆர்.சி., உரிமம் எல்லாம் எனக்கு முக்கியம். வீம்புக்காக ஏறி உட்கார்ந்தேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் ஆர்.வீரையன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். வைக்கம் போராட்டம் தொடங்கியதும் அதே ஆண்டு. நூறு வருடம் ஆகிவிட்டது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கால் விபத்தில் போனது. அந்தத் தம்பியின் கைக்கு நடந்தது விபத்து இல்லை. ஆனால் மருத்துவமனையை விட்டு வந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இனி வண்டியைத் தொட வேண்டுமா? தொடாதே என்று சொல்ல வீட்டில் அன்பானவர்களே இருப்பார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வெட்டியவர்களுக்கு வேண்டியதும் அந்தப் பயம்தான்.

2023 மே மாதம் ஒரு சாயங்காலம் முதல்முறையாக ஊர்த் தெரு வழியாக ஓட்டி வந்தேன். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர். பழைய பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன். அப்பா என் தோளைத் தட்டி, "நிறுத்திராதப்பா. ஒன்னால இறங்கித் தள்ள முடியாதுல்ல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். அப்பா அந்தத் தெருவை வண்டியில் உட்கார்ந்தபடி கடந்தது அதற்கு முன்பும் உண்டு. சிரித்துக்கொண்டே கடந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதனால் தெரு மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் ஓட்ட முடியாது. செயற்கைக்காலுக்குள் வேர்த்து, தோல் உரிந்து, இரண்டு நாள் காலை மாட்ட முடியாமல் போகும். அந்த நாள்களில் ஊன்றுகோல்தான். அதிலும் ஒரு குறைச்சலும் இல்லை.

கடைசியாக நமக்குள் பேச வேண்டிய ஒன்று. 'முடமான சமூகம்', 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு நம்பிக்கை', 'ஊமைச் சனங்கள்'. இவை எதிரியின் வார்த்தைகள் இல்லை. நம் மேடைகளில், நம் துண்டறிக்கைகளில் வருபவை. நானும் எழுதியிருக்கிறேன். பிறப்பை வைத்து வசை சொல்லக் கூடாது என்று நமக்குத் தெரிகிறது, உடம்பை வைத்துச் சொல்கிறோம். தலித் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் நம் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் பஸ் வேண்டும், தரைத்தளம் வேண்டும், கழிவறை வேண்டும், திரும்பிப் போகத் துணை வேண்டும். இதில் எத்தனையை யோசித்துவிட்டு நாம் கூட்டத்துக்கு இடம் பிடிக்கிறோம்? இன்றைக்கு இந்தக் கூட்டம் கீழே நடக்கிறது. நான் கேட்டதால் நடக்கிறது. அடுத்த மாதம் நான் வரவில்லை என்றாலும் கீழேயே நடக்கட்டும்.

வாசலில் என் வண்டி நிற்கிறது. கியர் தகட்டை யாராவது பார்க்க விரும்பினால் வாருங்கள், காட்டுகிறேன். உங்கள் ஊரில் யாருக்காவது தேவைப்பட்டால் பாயின் பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன்.